கேடயம் கொடுக்கும்போதே வரைவையும் கொடுங்கள்

நாட்டு அரசியலை மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் குப்பையை எத்தனை மணிக்கு வெளியே வைக்கலாம், பூங்காவை எப்போது பூட்டுவார்கள், நடைபாதையில் யார் கடை போடலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது நகர்மன்றம். அங்கே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பார்வையாளர் வரிசை பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். தன்னார்வலர்களைப் பாராட்டும் நாளில் மட்டும் அந்த நாற்காலிகள் நிரம்பும்.

அன்றைக்குக் குடும்பத்தோடு வருவார்கள். பெயரை வாசிப்பார்கள், சான்றிதழும் கேடயமும் தருவார்கள், தலைவரோடு ஒரு படம் எடுப்பார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் பாராட்டு வாங்கியவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். மன்றம் அடுத்த பொருளை எடுக்கும்: புதிய துணைவிதிகளின், அதாவது மன்றமே தன் ஊருக்குப் போடும் விதிகளின், வரைவு. அந்த வரைவில் பல பிரிவுகள், சற்று முன் வெளியே போனவர்கள் வருடக்கணக்காகச் செய்துவரும் வேலையைத் தொடுபவையாக இருக்கும். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

இதுதான் எனக்கு ஆறவில்லை. ஒருவரின் உழைப்பை மெச்சிவிட்டு, அந்த உழைப்பில் அவர் கற்றதைக் கேட்காமல் விடுவது எந்த வகையில் மரியாதை? பாராட்டு விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். டிசம்பர் 5ஆம் தேதியை ஐ.நா. பொதுச்சபை 1985இல் தன்னார்வலர் தினமாக அறிவித்தது நல்ல விஷயம். பிரிட்டனில் தன்னார்வக் குழுக்களுக்கென்றே 2002இல் அரச விருது ஒன்றைத் தொடங்கினார்கள், அதுவும் நல்லதுதான். ஒரு வயதான மனிதர் தன் பேரப்பிள்ளைகள் முன்னால் ஊர் எழுந்து நின்று கைதட்டுவதைப் பார்க்கும் நிமிடத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அவர்களிடம் இருக்கும் மிகப் பெரிய பொருளை, அதாவது களத்தில் கிடைத்த அறிவை, நாம் தொடாமலே விட்டுவிடுகிறோம்.

துணைவிதி என்றால் ஏதோ சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். பெரிய சட்டங்கள் நம் வாழ்க்கையில் எப்போதாவதுதான் குறுக்கிடும். துணைவிதி தினமும் வாசலுக்கு வருகிறது, அபராதமும் அதன் பேரிலேயே வருகிறது. இங்கிலாந்தில் 1898இல் தீர்ப்பான க்ரூஸ் எதிர் ஜான்சன் வழக்கு இதற்கு நல்ல பாடம். வீடுகளுக்கு 50 கெஜ தூரத்துக்குள் பொது இடத்தில் பாடுபவரை நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று கென்ட் கவுண்டி மன்றம் ஒரு துணைவிதி போட்டிருந்தது. பக்திப் பாடல் பாடிய ஒருவர் அதில் மாட்டினார். விதி நியாயமற்றது என்று வாதிட்டார், தோற்றார். தலைமை நீதிபதி ரஸ்ஸல் சொன்னது இதுதான்: ஒரு தரப்புக்கு ஒரு மாதிரி இன்னொரு தரப்புக்கு வேறு மாதிரி என்று பாரபட்சமாக இருந்தாலோ, அப்பட்டமான அநீதியாகவோ கெட்ட எண்ணத்தோடு செய்ததாகவோ இருந்தாலோதான் ரத்து செய்வோம். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் போட்ட விதியை, நீதிபதிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ள மாட்டோம்.

அதை நான் சரி என்றே நினைக்கிறேன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு அந்த மதிப்பு கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: அரைகுறையாக எழுதிய விதியை நீதிமன்றம் வந்து சரிசெய்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது. கெட்ட எண்ணம் இல்லாமல், வெறும் தெரியாமையால் எழுதிய விதிகள்தான் ஏராளம். அவற்றைத் திருத்த நல்ல நேரம் வரைவாக இருக்கும்போதுதான்.

தெரியாமை என்று சொன்னேன். அது எப்படி இருக்கும் என்பதை ஒரு கூட்டத்தில் நேரிலேயே பார்த்தேன். பொது இடங்களைப் பயன்படுத்துவது பற்றிய வரைவு அன்றைக்கு வந்திருந்தது. ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து பொது இடத்தில் எந்தப் பணி செய்தாலும் ஏழு நாள் முன்னதாக எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு பிரிவு. அதற்குச் சற்று முன்புதான், ஒரு கால்வாய்க் கரையைச் சுத்தமாக வைத்திருக்கும் குழுவை நடத்தும் பெண்மணிக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அவர் வெளியே போகவில்லை. சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பிரிவை வாசித்ததும் எழுந்து கையைத் தூக்கினார்.

"அம்மா, பார்வையாளர்கள் பேச விதியில் இடமில்லை" என்றார் தலைவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஓர் உறுப்பினர் எழுந்து, அவர் கேள்வியை நான் என் கேள்வியாகக் கேட்கிறேன் என்று சொன்ன பிறகே வழி கிடைத்தது. அந்தப் பெண்மணி கேட்டது இவ்வளவுதான்: "மழை பெஞ்சா மதகுல குப்பை வந்து அடைச்சுக்கும். அன்னைக்கே எடுக்கலைன்னா தண்ணி தெருவுக்குள்ள வந்துடும். ஏழு நாள் கழிச்சு மழை வரும்னு நான் யார்கிட்ட எழுதிக் கொடுக்கறது?"

வரைவை எழுதிய அதிகாரி உண்மையாகவே திகைத்துப்போனார். பூங்காக்களில் காசு வாங்கிக்கொண்டு நிகழ்ச்சி நடத்துபவர்களை மனதில் வைத்துத்தான் அதை எழுதியதாகச் சொன்னார். கால்வாய் அவர் நினைவில் வரவே இல்லை. பொருளை ஒத்திவைத்தார்கள். அடுத்து வந்தபோது அந்தப் பிரிவில் ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தது: அவசர நேரத்தில் பொறுப்பு அலுவலருக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும், விண்ணப்பம் தேவையில்லை. அவ்வளவுதான். அவர் எழுந்து போயிருந்தால், அல்லது அந்த உறுப்பினர் கை கொடுக்காமல் இருந்திருந்தால், அந்த வாக்கியம் வந்திருக்காது. முதல் பெருமழையில், பாராட்டு வாங்கிய அதே குழு விதியை மீறியவர்களாக நின்றிருக்கும்.

ஒரு விதி எங்கே இடிக்கும் என்பது அந்த இடத்தில் வேலை செய்பவருக்குத்தான் முதலில் தெரியும். பொதுவளங்களை மக்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் இதைத்தான் சொன்னார். பாசன வாய்க்கால், மீன்பிடிப் பகுதி, மலைப் புல்வெளி என்று நீண்ட காலம் தாக்குப்பிடித்த பொதுவளங்களை எடுத்துப் பார்த்தால், விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த விதியைத் திருத்துவதில் பங்கு இருந்தது அவற்றில் பொதுவாகக் காணப்பட்ட ஓர் அம்சம்.

இதைச் சட்டமாகவே எழுத முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடங்களில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. நடைமுறையில் இந்தக் குழுக்கள் எவ்வளவு உயிரோடு இயங்குகின்றன என்பது வேறு கேள்வி. ஆனால் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது என்பதைத் தாண்டி, உட்கார இடமே ஒதுக்கிய சட்டம் அது. இந்த யோசனை மற்ற துணைவிதிகளுக்கும் ஏன் வரக்கூடாது?

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வரும்: நாங்கள்தான் அறிவிப்பு கொடுத்தோமே, யாரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லையே! அறிவிப்பு முக்கியம்தான், குறை சொல்லவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு துணைவிதி மன்றத்தில் மூன்று வாசிப்பை, அதாவது மூன்று கட்டப் பரிசீலனையை, தாண்ட வேண்டும். மூன்றாம் வாசிப்புக்கும் இறுதியாக ஏற்பதற்கும் நடுவே குறைந்தது ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சிறு ஊர்களின் கூட்டங்களில் வாக்காளர்களே நேரில் வந்து துணைவிதிக்கு வாக்களிக்கிறார்கள். பிறகு அது மாநில தலைமை வழக்கறிஞரின் பரிசீலனைக்குப் போகிறது. இப்படி நிதானிக்க வைக்கும் ஏற்பாடுகள் எல்லாம் நல்லவை. ஆனால் அறிவிப்புப் பலகையில் சட்ட மொழியில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்து, அதில் 14ஆம் பிரிவின் உட்பிரிவு தன்னைத்தான் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க யாருக்கு நேரமிருக்கிறது? விடியற்காலையில் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவருக்கா? ஆட்சேபணை வரவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மன்றத்தின் கையில் அவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. பாராட்டு விழாவுக்குக் கூப்பிட அதைத்தானே பயன்படுத்தினார்கள்! அதே எண்ணுக்கு வரைவையும் அனுப்பலாம், எளிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு.

தன்னார்வலர்களே முடிவெடுக்கட்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. நேரமும் வசதியும் உள்ளவர்கள்தான் அதிகம் தன்னார்வப் பணிக்கு வர முடிகிறது என்பதால் அவர்கள் குரல் ஊரின் முழுக் குரலும் ஆகாது. பூங்காவை அழகாக வைத்திருக்கும் குழுவே, அங்கே வந்து தூங்கும் வீடற்றவரை விரட்டச் சொல்லலாம். அதனால் வாக்கு உறுப்பினர்களுடையது, கடைசிப் பொறுப்பும் அவர்களுடையது. நான் கேட்பது முடிவுக்கு முன்னால் ஒரு நாற்காலி, சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் என்று குறிப்பில் ஒரு வரி. அதுகூட இல்லாமல் கருத்துக்கேட்பு நடத்துவது வெறும் சடங்கு.

தூய்மைப் பணியாளர்களையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. குப்பையைப் பற்றிய எந்த விதியும் முதலில் விழுவது அவர்கள் தோளில்தான். தரம் பிரிக்காமல் போடும் வீட்டுக்கு அபராதம் என்று எழுதுவது சுலபம். அந்த வீட்டு வாசலில் நின்று வாங்க மாட்டேன் என்று சொல்லி வசவு வாங்குவது அவர்கள். தன்னார்வலர்களைப் பாராட்டும் மேடையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களை மறப்பதும், ஆள் எடுக்க வேண்டிய பணிக்குத் தன்னார்வலரை வைத்துச் சமாளிப்பதும் பல மன்றங்களில் ஒன்றாகவே நடக்கின்றன. அதைப் பாராட்டுச் சான்றிதழால் மூட முடியாது.

இன்னொன்று, எழுதிய விதியைத் திரும்பிப் பார்க்கும் தேதி. உத்திரமேரூர் கல்வெட்டை எல்லோரும் குடவோலை முறைக்காக மேற்கோள் காட்டுகிறோம். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் அந்தச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை வெட்டி வைத்தது. இரண்டே ஆண்டில், 921இல், அவற்றைத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். கல்லில் வெட்டியதையே திருத்தத் தயங்கவில்லை! வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது என்பதும் அதில் இருக்கிறது. நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டுமேயான சபை அது, அதைப் பொற்காலமாக நான் காட்டவில்லை. ஆனால் விதி போட்டவர்கள் அதன் பலனைக் கவனித்து உடனே திருத்தினார்கள் என்பது இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது. புதிய துணைவிதி ஒவ்வொன்றிலும் மறுபரிசீலனைத் தேதி இருக்கட்டும். அந்தத் தேதியில் களத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்கட்டும்.

தன்னார்வலர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் கேடயம் என்று சொல்வதில்லை. கருவிகள் வைக்கும் அறையின் சாவி, வேலையில் அடிபட்டால் காப்பீடு, கையுறைக்கும் பயணத்துக்கும் ஆன செலவு, கூப்பிட்டால் எடுக்கும் ஓர் அலுவலரின் எண். பட்டியல் சாதாரணமாகத்தான் இருக்கும். 1736இல் பிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவைத் தொடங்கியபோது தோல் வாளிகளையும் சாமான்களை மீட்கும் பைகளையும் உறுப்பினர்களே தங்கள் செலவில் வாங்கி வைத்திருந்தார்கள். இன்றும் பல இடங்களில் கைக்காசுதான். மன்றத்தின் பட்ஜெட்டில் இதற்கு ஒரு சிறு தலைப்பு ஒதுக்குவது பெரிய சுமை இல்லை.

உங்கள் மன்றத்தில் அடுத்த வரைவு வரும்போது, பொதுவாக "இது சரியில்லை" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதுவதை ஃபைலில் சேர்த்து மூடிவிடுவார்கள். பிரிவின் எண்ணைக் குறிப்பிடுங்கள். அது எந்த இடத்தில், எந்த வேலையை, எப்படித் தடுக்கும் என்று இரண்டு வரி. அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பாராட்டு விழாவுக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள், வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கைதட்டி முடிந்ததும் எழுந்துவிடாமல், அன்றைய கூட்டப் பொருளின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு கடைசிப் பொருள் வரை உட்காருங்கள்.