மேசைக்கு எதிரே இருப்பவரால் என்ன செய்ய முடியும்?

நெய்வேலியில் இருக்கும் மத்திய அரசின் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் வேலைநிறுத்த நோட்டீஸ் என்றாலே, "கை நிறையச் சம்பளம், இன்னும் என்ன வேண்டுமாம்?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்குக் கடலூரில் நிறைய உண்டு. சங்கங்களின் பிடிவாதம்தான் பொதுத்துறையைக் கெடுக்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது அரைகுறைப் பேச்சாகவே படுகிறது. தொழிலாளிக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை; கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

2013-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலிடப்பட்ட பொதுத்துறை நிறுவனங்களில் 10 சதவீதப் பங்காவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் அப்போதைய விதி. என்.எல்.சி.யில் மத்திய அரசின் கையில் 93.56 சதவீதம் இருந்தது. 90-க்கு மேல் இருந்த 3.56 சதவீதத்தை விற்கப் போகிறோம் என்றார்கள். அதை எதிர்த்து ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நெய்வேலி நிர்வாகம் என்ன செய்துவிட முடியும்? அது எடுத்த முடிவும் அல்ல, அதனால் மாற்றக்கூடிய முடிவும் அல்ல. கடைசியில் அந்தப் பங்குகளைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்ட பிறகுதான் பிரச்சினை அடங்கியது. டில்லி தொடங்கி வைத்தது, சென்னை முடித்து வைத்தது. கொடி பிடித்தது மட்டும் நெய்வேலி.

ஊதியப் பேச்சும் இப்படித்தான். டில்லியின் வழிகாட்டுதல் முதலிலேயே கோடு கிழித்துவிடும். அதற்குள் நின்றுதான் பேரம்.

ஒப்பந்தத் தொழிலாளியின் பாடு இதைவிட மோசம். நிர்வாகத்தைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் கை காட்டுவார்கள். அவரோ டெண்டரைக் காட்டுவார். நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால், தடைசெய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரம் ஆகிவிட மாட்டார் என்று 2001-இல் பொதுத்துறை உருக்கு நிறுவனமான செயிலின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020 மே மாதமும் ஜூலையிலும் என்.எல்.சி.யின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது உயிரிழந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். நெருப்பு அடையாள அட்டையைப் பார்க்கவில்லை.

சங்கங்களையும் நான் விட்டுவிடவில்லை. நிரந்தரத் தொழிலாளரின் போனஸ் பேச்சில் காட்டும் வேகத்தில் பாதியையாவது பணி நிரந்தரக் கோரிக்கையில் காட்டலாம்.

நிர்வாகம், சங்கம், அரசு மூன்றும் உட்காரும் அடுத்த முத்தரப்புப் பேச்சுக்கு, கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு மத்திய நிலக்கரி அமைச்சகத்திலிருந்து ஒருவர் வரட்டும். ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்துக்கும் அங்கே நாற்காலி போடுங்கள். வேலை கிடைக்கும் என்று நம்பி என்.எல்.சி.க்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு என்ன பதில் என்பதையும் வருகிற அந்த அதிகாரியே சொல்லட்டும்.