புல்லுல உக்காந்ததுக்கு விசில் அடிக்கிறாங்க

அந்த விசில் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகல. நேத்து சாயங்காலம் நடந்தது, இப்ப மறுநாள் ராத்திரி மணி பதினொண்ணு, இன்னும் எனக்கு ஆறவே இல்ல.

பார்க்ல புல்லுல உக்காந்தா வாட்ச்மேன் அடிக்கிற விசில்னு சொன்னாலே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எல்லாரும் வாங்கியிருப்பீங்க. நான் வாங்கியிருந்தா கூடப் போகட்டும்னு விட்டிருப்பேன், வாங்குனது எங்கப்பா.

அப்பாவுக்கு 76 வயசு. பித்தப்பை ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம். ஆஸ்பத்திரில அவருக்குக் கிடைச்ச கட்டில் சுவத்தைப் பாத்த மாதிரி இருந்துச்சு, வீட்டுக்கு வந்தா எங்க ஜன்னலும் எதிர்வீட்டுச் சுவத்தைத்தான் பாக்குது. மனுசன் ரெண்டு மாசமா சுவத்தையே பாத்துட்டுக் கிடந்தாரு. 1984ல ராஜர் உல்ரிச்னு ஒருத்தர் இதே பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 46 பேரோட ரெக்கார்டை எடுத்து ஒப்பிட்டுப் பாத்திருக்காரு, பாதிப்பேருக்கு ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சுது, பாதிப்பேருக்கு செங்கல் சுவரு. மரத்தைப் பாத்தவங்க சீக்கிரமா வீட்டுக்குப் போயிருக்காங்க, வலி மாத்திரையும் பலமானதா அதிகம் கேக்கல. இதைப் படிச்சதுலேர்ந்து அப்பாவை எப்படியாவது ஒரு மரத்தடில கொண்டுபோய் உக்கார வச்சிடணும்னு ஒரே தவிப்பு எனக்கு.

நேத்து நாலரை மணிக்கு பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். நேரம் பாத்துத்தான் போனேன். கடல்காத்து காலைலயே வந்துடாது, வெயில்ல தரை சூடேறி, தரை மேல இருக்குற காத்து லேசாகி மேல கிளம்பினப்புறம்தான் கடல் மேல குளுகுளுனு கிடக்குற காத்து ஊருக்குள்ள நுழையும். அந்தக் காத்து நல்லா வீசுற நேரத்துல அப்பா மரத்தடில இருக்கணும்னு கணக்குப் போட்டு, கையில தண்ணி பாட்டில், தோள்ல துண்டுனு கிளம்பினோம்.

உள்ள மொத்தம் மூணு பெஞ்ச். ஒண்ணு இரும்பு, மதியம் பூரா வெயில்ல காஞ்சு கை வச்சா சுடுது. இன்னொண்ணு உப்புக்காத்துல துருப்பிடிச்சு போல்ட்டே அரிச்சுப்போயி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. கடலோர ஊர்ல இரும்புல பெஞ்ச் போட்டா உப்பு தின்னுடும்னு போட்டவங்களுக்குத் தெரியாதா? மூணாவதுல நாலு பேரு நெருக்கிக்கிட்டு இருக்காங்க. அப்ப மீதி சனம் எங்க உக்காரும்?

அப்பாதான் "இந்த மரத்துக்குக் கீழ புல்லுலயே உக்காந்துக்கலாம்மா"னாரு.

அவரு உக்கார்ற அழகை நான் சொல்லியே ஆகணும். மொதல்ல என் தோள்ல ஒரு கை. அப்புறம் இடது முட்டிய மெதுவா மடக்குனாரு. இன்னொரு கைய விரிச்சுப் புல்லுல ஊனி, தையல் போட்ட இடம் இழுக்காம உடம்பை ஒரு சாய்ப்பா எறக்கி, மூச்சை நல்லா விட்டு உக்கார்றதுக்கு முழுசா ஒரு நிமிசம் ஆச்சு. செருப்பைக் கழட்டி ரெண்டையும் ஜோடியா சேத்து வச்சாரு. கால் விரலைப் புல்லுக்குள்ள விட்டாரு. அந்நேரம் பாத்து காத்து சரசரனு வந்து மேல இலையெல்லாம் ஆடுது, அப்பா கண்ணை மூடுனாரு, நெத்திச் சுருக்கம் அப்படியே தளருது, நான் பாத்துட்டே இருக்கேன்.

பீஈஈஈப்!

தூக்கிவாரிப் போட்டுருச்சு மனுசனுக்கு. கை நேரா வயித்துல தையல் மேல போச்சு. ஊஞ்சல்ல இருந்த புள்ள திரும்பிப் பாக்குது, வாக்கிங் போயிட்டிருந்த ரெண்டு அம்மா நின்னு பாக்குறாங்க, திருடனப் புடிச்ச மாதிரி அத்தனை கண்ணும் எங்கப்பா மேல. விசில் அடிச்ச ஆளு கிட்ட வரக்கூட இல்ல, கேட் பக்கத்துல நின்ன இடத்துலேர்ந்தே குச்சியை மேல மேலனு ஆட்டுறாரு. ஆட்டுமந்தைக்குக் கூட ஒரு குரல் குடுப்பாங்க. பக்கத்துல வந்து "ஐயா, இங்க உக்காரக்கூடாதுங்க"னு வாயால ஒரு வார்த்தை சொல்ல எத்தனை அடி நடக்கணும்? இருபது அடி.

அப்பா எந்திரிக்க ஆரம்பிச்சாரு. எந்திரிக்கிறது உக்கார்றதை விடக் கஷ்டம் அவருக்கு. ஒரு பக்கமா திரும்பி, மண்டி போட்டு, ரெண்டு கையையும் ஊனி, பாதி எந்திரிச்சிருக்காரு, அப்ப அடிச்சாங்க பாருங்க ரெண்டாவது விசில். சீக்கிரம் எந்திரிக்கலையாம்!

அந்த ரெண்டாவது விசிலைத்தான் என்னால மன்னிக்கவே முடியல.

நேராப் போயி கேட்டேன். "அவரு நோயாளி, தெரியுதுல்ல, வேற எங்க உக்கார்றது சொல்லுங்க"ன்னேன். "மேல சொல்லிருக்காங்க மேடம்"னு ஒரே பதில். எத்தனை கேட்டாலும் அதே பதில். போர்டைக் காட்டுறாரு. போர்டுல மேலருந்து கீழ வரைக்கும் நடக்காதீர், அமராதீர், படுக்காதீர், பறிக்காதீர், விளையாடாதீர். அமருங்கள்னு ஒரு வார்த்தை அந்த போர்டுல இல்ல. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, உத்தரவு போட்டது வேற யாரோ... இல்ல, குத்தம்தான், ரெண்டாவது விசிலை எந்த உத்தரவும் அடிக்கச் சொல்லல.

அவங்க காப்பாத்துற அந்தப் புல்லு என்ன புல்லு தெரியுமா? குனிஞ்சு பாத்தேன், அருகம்புல். ஆல்போல் தழைச்சு அருகுபோல் வேரூன்றினு நம்மாளுங்க வாழ்த்துறதே அதுக்கு அழிவே கிடையாதுங்கிறதாலதான். மிதிச்சாலும் மேஞ்சாலும் கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரும், உப்புத் தண்ணியையும் ஓரளவு தாங்கும், சூடான நாடுகள்ல புட்பால் மைதானத்துக்கே இந்த ஜாதியத்தான் போடுறாங்க. இருபத்திரெண்டு பேரு ஆணி வச்ச ஷூவோட ஒன்றரை மணி நேரம் ஓடினா தாங்குற புல்லு, அம்பது கிலோ கூட இல்லாத எங்கப்பா ஒரு மூலைல உக்காந்தா செத்துடுமா?

அந்த விசிலைப் பத்தியும் வீட்டுக்கு வந்து கோவத்துல தேடிப் படிச்சேன். லண்டன் போலீஸ்காரங்க முன்னாடி மரத்துல செஞ்ச கிலுகிலுப்பையத்தான் சுத்துவாங்களாம், 1883ல ஜோசப் ஹட்சன்னு ஒருத்தர் விசில் செஞ்சு குடுக்க, அது சத்தம் ஒரு மைலுக்கு மேல கேக்குதுனுதான் அதுக்கு மாறியிருக்காங்க. உள்ள குண்டு உருளுற விசிலையும் அடுத்த வருசமே அவருதான் கொண்டுவந்தாரு. திருடனைத் தொரத்துறப்ப இன்னொரு தெருவுல நிக்கிற போலீசைக் கூப்புடுறதுக்கு எடுத்த சாமான் அது. அதை இருபது அடி தள்ளி, கண்ணை மூடி உக்காந்திருக்குற வயசானவரு காதுல ஊதுறாங்க. மனுசன் சும்மா இருக்குறதுக்குனு ஊர்ல மிச்சம் இருக்குறது அந்த ஒரு இடம், அங்கயும் உக்காராத, படுக்காத, நடந்துட்டே இருன்னா எதுக்குய்யா அதுக்குப் பேரு பூங்கா?

"விடும்மா, காத்து வாங்கியாச்சுல்ல"னு அப்பா கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. வழி பூரா ஒண்ணும் பேசல. இன்னிக்கு "போலாமாப்பா"னு கேட்டா, "வேணாம்மா, இங்கயே நல்லாத்தான் இருக்கு"ங்குறாரு, எதிர்வீட்டுச் சுவத்தைப் பாத்துக்கிட்டே.

இதுல என் மூக்குக்கண்ணாடி வேற. கடல்காத்துல உப்பு படிஞ்சு எதைப் பாத்தாலும் புகையடிச்ச மாதிரி இருக்கு. கண்ணாடி வாங்குறப்ப டப்பாவோட ஒரு துணி குடுக்குறாங்களே, அது என்னிக்காவது எதையாவது துடைச்சிருக்கா? தேய்க்கத் தேய்க்க இந்த மூலைல இருக்குறது அந்த மூலைக்குப் போகுதே தவிர போய்த் தொலைய மாட்டேங்குது, இப்ப நடுவுல ஒரு கீறல் வேற விழுந்துருச்சு. அத்தனை காசு வாங்குறாங்கல்ல, ஒழுங்கா ஒரு துணி குடுத்தா என்ன?