கயிற்றை அவிழ்க்க ஏன் இந்த அவசரம்?

நேற்று மாலை திடலில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். காப்பகத்திலிருந்து நாயைத் தத்தெடுத்து 5 நாட்கள்தான் ஆகின்றன என்றார். சொல்லிக்கொண்டே கயிற்றின் கொக்கியைக் கழற்றக் குனிந்தார். "பாவம், இத்தனை நாள் கூண்டுக்குள் கிடந்தது. கொஞ்சம் ஓடட்டுமே" என்றார். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி அப்படி நடந்துகொண்டது அவருக்குப் பிடித்திருக்காது. ஆனாலும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஏனென்றால் மூன்று வருடங்களுக்கு முன் அதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் நாய் செவலை எங்களிடம் வந்த ஒன்பதாம் நாள் அது. பெயர் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பாள். எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வருவாள். என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்று நம்பினேன். ஆளில்லாத மைதானத்தில் கயிற்றை அவிழ்த்தேன். சில நிமிடங்கள் புல்லை மோந்துகொண்டிருந்தாள். எங்கோ ஒரு வண்டியின் புகைக்குழாய் 'படார்' என்று வெடித்தது. ஒரே ஓட்டம். நான் கத்தினேன், துரத்தினேன், இன்னும் உரக்கக் கத்தினேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு இரவுகள் அவள் கிடைக்கவில்லை. அந்த இரவுகளை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

வீட்டுக்குள் காலைச் சுற்றி வருவதும் வெளியே கூப்பிட்டால் திரும்பி வருவதும் வேறு வேறு. புதிய இடத்தில் மிரண்டுபோன நாய்க்கு, தெரிந்த ஒரே மனிதரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை, அதனால் ஒட்டிக்கொள்கிறது. முதல் நாட்களில் அது சத்தமில்லாமல், சொன்னபடியெல்லாம் கேட்பதுபோல் இருப்பதற்கும் பல நேரம் பயம்தான் காரணம். நாய் மீட்பில் இருப்பவர்கள் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் பதற்றம் அடங்க 3 நாள், வீட்டின் நடைமுறை பிடிபட 3 வாரம், இது தன் இடம் என்று உணர 3 மாதம். இது தோராயமான கணக்குதான். அடிபட்டு, பலமுறை கைவிடப்பட்டு வந்த நாய்க்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

அதுவரை நாயைக் கட்டியே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓடவும் மோப்பம் பிடிக்கவும் அதற்கு ஆசை இருக்கிறது, அந்த ஆசை நியாயமானது. அதற்குத்தான் 5 முதல் 10 மீட்டர் வரை நீளமான கயிறு இருக்கிறது. அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். நீளக் கயிற்றில் ஓடிவந்து சுண்டி நின்றால் கழுத்து தாங்காது. உடலைச் சுற்றி அணியும் ஹார்னெஸின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம், ஒரே இழுப்பில் விரல் போய்விடும். பட்டைகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பயந்த நாய் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொள்ளும் வேகம் நம்ப முடியாதது.

கூப்பிட்டால் வரும் பழக்கத்தை வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். பிறகு முற்றம், பிறகு ஆளில்லாத திடல், அதன்பின் மற்ற நாய்கள் நடமாடும் இடம். கூடத்தில் கற்றது மைதானத்தில் தானாக வராது. ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். வந்ததும் அதற்கு மிகப் பிடித்ததைக் கொடுங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டவுடனே கயிற்றை மாட்டி வீட்டுக்கு இழுத்துப்போனால், உங்கள் குரல் கேட்டால் ஆட்டம் முடிந்தது என்று அது புரிந்துகொள்ளும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை மீண்டும் விளையாட விடுங்கள்.

தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு வைத்திருக்கிறோமே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அது நாய் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. யாராவது பிடித்து, கருவியால் அதைப் படித்தால்தான் எண் தெரியும். உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லையும் கழுத்தில் தொங்கட்டும்.

அப்படியும் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். நான் செய்த பெரிய தவறு அதுதான். பயத்தின் உச்சியில் இருக்கும் நாய் தன்னை வளர்ப்பவரைக்கூட அடையாளம் காணாமல் போகலாம். துரத்தும் எவரும் அதற்கு எதிரிதான். இரண்டாம் இரவு முடிந்து விடியும் நேரம், நான் உடுத்திய பழைய துணியை மைதானத்தில் விரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து ஓர் ஈர மூக்கு என் முழங்கையைத் தொட்டது. அப்போதும் பாய்ந்து பிடிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதன்பிறகு எட்டு மாதங்கள் நீளக் கயிறுதான். இன்றும் சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் மட்டுமே அவிழ்த்துவிடுகிறேன். சாலையோரத்திலோ, கயிற்றில் வரும் வேறு நாய் எதிர்ப்படும் இடத்திலோ ஒருபோதும் இல்லை; அந்த நாயும் நேற்றுத்தான் தத்தெடுக்கப்பட்டதாக இருக்கலாம். சில நாய்களை வாழ்நாள் முழுக்கவே அவிழ்க்க முடியாமல் போகும். அதில் நாய்க்கும் குறையில்லை, வளர்ப்பவருக்கும் குறையில்லை.

அந்த இளைஞர் நேற்று கொக்கியைக் கழற்றவில்லை. எங்களிடம் செவலையின் கயிறு இன்னொன்று உபரியாக இருக்கிறது, 10 மீட்டர். இன்று மாலை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.