பட்டுப்புடவையைப் போட்டு பிளாஸ்டிக் வாளி வாங்கியவர்கள்

என் மகனின் அலமாரியில் 26-ஆம் நம்பர் போட்ட நீலச் சட்டை ஒன்று தொங்குகிறது. இரண்டு வருடமாக அவன் அதைத் தொடுவதில்லை, தூக்கிப் போடவும் விடுவதில்லை. மார்ச் மாதம் குளிர்காலத் துணிகளை எடுத்து வைக்கும்போது அது கண்ணில் படும், எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் பட்டது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கால்பந்து என்றால் காலால் உதைப்பது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் புலம்புவது முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. என் அணி நியூயார்க் ஜயன்ட்ஸ். பெயரில்தான் நியூயார்க். மைதானம் இருப்பது நியூஜெர்சியில், ஈஸ்ட் ரதர்ஃபோர்டில். ஊர்ப் பெயரையே ஒழுங்காகச் சொல்லாதவர்களிடம் வேறு என்ன ஒழுங்கை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.

நியூஜெர்சிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. மாநிலத்தின் வட பாதி ஜயன்ட்ஸ் பக்கம் என்றால், தென் பாதி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பக்கம். நான் எடிசனில் இருக்கிறேன். என் மச்சினன் செர்ரி ஹில்லில், பாலத்தைத் தாண்டினால் ஃபிலடெல்ஃபியா. பொங்கல், தீபாவளி, பிள்ளைகளின் பிறந்தநாள் என்று எதற்குக் கூடினாலும் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு, நிலப் பேச்சு எல்லாம் அப்புறம்தான்.

சரி, நான் ஏன் இந்த அணியிடம் மாட்டினேன்? 2008 பிப்ரவரியில் ஒரு நண்பர் வீட்டில் பஜ்ஜி தருகிறார்கள் என்று போனேன். டிவியில் சூப்பர் பௌல், லீகின் இறுதி ஆட்டம். 18 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காத நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை, யாரும் மதிக்காத ஜயன்ட்ஸ் 17-14 என்று கவிழ்த்தது. டேவிட் டைரி பந்தைத் தன் ஹெல்மெட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு விழுந்ததைப் பார்த்தவன் எவனும் அதை மறக்க மாட்டான். விதிமுறை பாதி புரியவில்லை. ஆனால் அன்றைக்கே விழுந்துவிட்டேன். 2012 பிப்ரவரியில் அதே பேட்ரியட்ஸை மறுபடியும் அடித்தார்கள். அதோடு முடிந்தது என் நல்ல காலம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த லீகில் ஆட்டம் நடப்பது குளிர்காலத்தில், அணியைக் கெடுப்பது மார்ச் மாதத்தில். ஒப்பந்தம் முடிந்த வீரன் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அணிகள் இஷ்டத்துக்குப் பணத்தை வாரி இறைக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 2024-இல் அது 25.54 கோடி டாலர். புதன்கிழமை மாலை 4 மணிக்குத்தான் கையெழுத்து. ஆனால் திங்கள் மதியம் 12 மணியிலிருந்தே ஏஜென்டுகளிடம் பேரம் பேசலாம். ரசிகர்கள் இதை 'லீகல் டாம்பரிங்' என்பார்கள், அதாவது சட்டம் அனுமதித்த கள்ளப்பேச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே தாம்பூலத்தை மாற்றிக்கொண்டு, முகூர்த்தம் மட்டும் புதன்கிழமை என்று சொல்வதைப் போல.

எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு என்பதுதான் இதில் முக்கியம். பணக்கார அணி, ஏழை அணி என்று அழ முடியாது. எல்லா வீட்டுக்கும் ஒரே சம்பளம், யார் ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் நடக்கும் குடித்தனத்தைப் பாருங்கள்.

சேக்வான் பார்க்லி. அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2018-இல் இரண்டாவது ஆளாக ஜயன்ட்ஸ் எடுத்த ரன்னிங் பேக், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். முதல் வருடமே சிறந்த புதுமுகம். 2020-இல் முழங்கால் போனது. திரும்பி எழுந்து, 2022-இல் 1,312 யார்டு ஓடி எங்களைப் பிளே ஆஃபுக்கு இழுத்துக்கொண்டு போனார். என் மகன் அந்த 26-ஆம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டே தூங்கிய வருடம் அது.

அடுத்த மார்ச்சில் என்ன செய்திருக்க வேண்டும்? அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இவர்கள் அவர் மீது ஃப்ராஞ்சைஸ் டேக்கைப் போட்டார்கள். அது ஒரு வருடத்துக்கு வீரனை நகரவிடாமல் கட்டிப் போடும் கயிறு. ஒரு வருடச் சம்பளம் கிடைக்கும், நீண்ட ஒப்பந்தம் கிடையாது. அவருக்கு ஏறத்தாழ 1 கோடி டாலர். அதே நாளில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நான்கு வருடம், 16 கோடி டாலர்!

ஜோன்ஸ் கெட்டவர் இல்லை. உழைப்பாளி, வாய் திறந்து யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கீழ் அவர் தொடங்கியது 16 ஆட்டம். வென்றது 3. ஏறத்தாழ பாதித் தொகையைக் கொடுத்துவிட்டு, 2024 நவம்பரில் வழியனுப்பி வைத்தார்கள்.

பார்க்லி கதை அதற்கும் எட்டு மாதம் முன்பே முடிந்திருந்தது. 2024 மார்ச்சில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வெளியே போய் விலை கேட்டுவிட்டு வா என்றார்கள். அந்த வருடம் ஒரு டிவி படக்குழுவை உள்ளேயே விட்டிருந்தார்கள், எல்லாம் கேமராவில் பதிவாகி ஜூலையில் ஊர் முழுக்க ஓடியது. குவார்ட்டர்பேக்குக்கு 4 கோடி கொடுக்கிறோம், 1.2 கோடி ஆளிடம் பந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கவா என்று விளக்குகிறார் பொது மேலாளர் ஜோ ஷேன். சேக்வான் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் தூங்கவே கஷ்டப்படுவேன் என்று அவரிடம் சொல்கிறார் உரிமையாளர் ஜான் மாரா.

ஐயா, உங்களுக்குத் தூக்கம் வராது என்று தெரிகிறது. பணப்பெட்டிச் சாவியும் உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது. அப்புறம் என்ன தடுத்தது?

பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்கே போனார். மூன்று வருடம், 3.775 கோடி டாலர். அந்தத் திங்கட்கிழமை மச்சினன் போன் செய்தான். ஹலோ கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தான். முழுதாக ஒரு நிமிஷம்.

அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்லாமலே பலருக்குத் தெரியும். அக்டோபர் 20 அன்று ஈகிள்ஸ் சட்டையில் எங்கள் மைதானத்துக்கே வந்து 176 யார்டு ஓடினார், 28-3 என்று தோற்றோம். நவம்பரில் ஜாக்சன்வில் ஆளை முதுகுப் பக்கமாக எகிறித் தாண்டினார். முன்பக்கம் பார்த்துத் தாண்டினாலே அதிசயம், இது முதுகைக் காட்டிக்கொண்டு. வழக்கமான சீசனில் மொத்தம் 2,005 யார்டு. 1984-இல் எரிக் டிக்கர்சன் வைத்த 2,105 சாதனையை உடைக்க இன்னும் 101 வேண்டும், கடைசி ஆட்டம் யாருடன்? எங்களுடன்தான். அதில் அவருக்கு ஓய்வு கொடுத்து உட்கார வைத்தார்கள். வரலாற்றுச் சாதனை எங்கள் தலையில் உடையாமல் ஈகிள்ஸ் பயிற்சியாளர் காப்பாற்றினார் என்று நான் நிம்மதியடைந்தேன் பாருங்கள், அதைவிடக் கேவலம் வேண்டுமா? அந்த ஆட்டத்திலும் அவர்களுடைய மாற்று ஆட்டக்காரர்களிடம் தோற்றோம். 2025 பிப்ரவரி 9, சூப்பர் பௌல், ஈகிள்ஸ் 40, கான்சஸ் சிட்டி 22. அன்று பார்க்லிக்கு 28-வது பிறந்தநாள். நாங்கள் அந்த சீசனில் வென்றது 3, தோற்றது 14.

ரன்னிங் பேக்குக்குப் பணம் கொடுப்பது வீண், சீக்கிரம் தேய்ந்துவிடுவார்கள் என்று சிலர் கணக்குப் பேசுவார்கள். கணக்கு முழுவதும் தப்பில்லை, நானும் ஒப்புக்கொள்கிறேன். எங்களிடமே இருந்திருந்தால் அவர் 2,000 ஓடியிருக்க மாட்டார். 2023-இல் எங்களிடம் ஓடியது 962. ஏன்? முன்னால் நின்று வழி திறந்துவிட வேண்டிய தடுப்பு வரிசை அப்படி. அந்த வருடம் எங்கள் குவார்ட்டர்பேக்குகள் பந்தோடு 85 முறை மல்லாத்தப்பட்டார்கள். மாட்டுக்குத் தீவனம் வைக்காதவன் பால் கறக்கவில்லை என்று மாட்டை விற்றானாம். பக்கத்து வீட்டுக்காரன் அதே மாட்டுக்குத் தீவனம் வைத்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஒருவரோடு போயிருந்தால் விதி என்று விட்டுவிடலாம். அதே மார்ச்சில் சேஃப்டி, அதாவது பின்வரிசையில் நின்று தடுக்கும் சேவியர் மெக்கின்னியும் போனார். நாங்களே எடுத்து, நாங்களே வளர்த்த பிள்ளை. கிரீன் பே அணி 6.7 கோடிக்கு அழைத்துக்கொண்டது. அங்கே போன முதல் ஐந்து ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு ஒன்றாக எதிரணிப் பந்தைப் பறித்தார். அந்த சீசனில் மொத்தம் எட்டு.

போனவர்கள் கதை இது என்றால், வந்தவர்கள் கதை இன்னும் மோசம். 2021-இல் எறியும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் கென்னி கோலடே, நான்கு வருடம், 7.2 கோடி டாலர். இரண்டே சீசனில் அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அவர் அடித்த டச் டவுன், அதாவது பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டியது, எத்தனை தெரியுமா? ஒன்று. அதுவும் இரண்டாவது சீசனின் கடைசி ஆட்டத்தில். 2018-இல் தடுப்பு வரிசையைத் தூக்கி நிறுத்த நேட் சோல்டர் வந்தார், 6.2 கோடி. அவர் போன பிறகும் அந்த வரிசை நிமிராத அழகைத்தான் மேலே சொன்னேனே.

டேரன் வாலர் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 2021-இல் முதல் சுற்றில் கடாரியஸ் டோனி என்ற பையனை எடுத்தோம். ஒன்றரை வருடத்தில் சலித்துப்போய் கான்சஸ் சிட்டிக்குத் தள்ளிவிட்டு டிராஃப்டில் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பை வாங்கினோம். போன சில மாதத்தில் அவன் சூப்பர் பௌலில், எதிரணி 'பண்ட்' என்று உதைத்துத் தள்ளிய பந்தை 65 யார்டு திருப்பிக் கொண்டுவந்தான். பண்ட் பந்தைத் திருப்பிக் கொண்டுவந்ததில் சூப்பர் பௌல் வரலாற்றிலேயே அதுதான் நீளமானது. (அன்று அடி வாங்கியது மச்சினனின் ஈகிள்ஸ் என்பது மட்டும் ஒரு ஆறுதல். நானும் போன் செய்தேன், அவன் எடுக்கவில்லை.) அந்த மூன்றாம் சுற்று வாய்ப்பைக் கொடுத்துத்தான், பந்து பிடிக்கிற ஆளான வாலரை வாங்கினோம். ஒரு சீசன் ஆடினார், ஒரு டச் டவுன். அடுத்த ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டார்.

நான் இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்ததை மனைவி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆட்டமே தெரியாது. "ஏங்க, எங்க பாட்டி ஒரு தடவை பாத்திரக்காரன்கிட்ட பழைய துணின்னு நினைச்சு சரிகைப் பட்டைப் போட்டு பிளாஸ்டிக் வாளி வாங்கிட்டாங்க. அதுதானே?" என்றாள். அதேதான். ஆனால் பாட்டி வருடா வருடம் அப்படிச் செய்யவில்லை.

ஜோன்ஸ் போன பிறகு 2025 மார்ச்சில் குவார்ட்டர்பேக் வேட்டை. மேத்யூ ஸ்டாஃபோர்டை வளைத்துப் பார்த்தார்கள், அவர் லாஸ் ஏஞ்சலஸிலேயே தங்கிவிட்டார். கடைசியில் ரஸ்ஸல் வில்சன் வந்தார். பத்து வருடம் முன்பு வந்திருந்தால் மேளதாளத்தோடு வரவேற்றிருப்பேன். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டிராஃப்டில் எடுத்த ஜாக்சன் டார்ட் என்ற சின்னப் பையனிடம் பொறுப்பைக் கொடுத்ததும் முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது எங்களுக்குப் பரம்பரைத் தொழில்.

இதில் உப்பைத் தடவியது ஜோன்ஸ்தான். நாங்கள் அனுப்பிய அதே ஜோன்ஸ், இண்டியானாபோலிஸுக்கு ஒரு வருடத்துக்கு 1.4 கோடிக்குப் போய், முதல் 10 ஆட்டத்தில் 8 வென்று காட்டினார். டிசம்பரில் குதிகால் தசைநாண் அறுந்து பாவம் உட்கார்ந்துவிட்டார், அது வேறு கதை. ஆனால் 16 ஆட்டத்தில் 3 வென்றவர் எப்படி 10-இல் 8 வென்றார்? வாசலைத் தாண்டியதும் ஆள் தேறிவிடுகிறார் என்றால் நோய் ஆளிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது.

போன மாதம் மகனின் பிறந்தநாளுக்கு மச்சினன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். பிரித்தால் 26-ஆம் நம்பர். பச்சைச் சட்டை. "மாமா, நம்பர் அதேதான், கலர் மட்டும்தான் வேற" என்றான். என் வீட்டுக் கேக்கைத் தின்றுகொண்டே. மகன் என் முகத்தைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், "தேங்க்ஸ் மாமா" என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தான் என்று மனைவி ராத்திரி சொன்னாள். நான் தூங்குவது போல இருந்துவிட்டேன். மாரா சார் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

இந்த வருடம் எவன் வந்தால் என்ன, எவன் போனால் என்ன, செப்டம்பர் வரை அந்தப் பக்கமே திரும்பக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். நாளை திங்கட்கிழமை. 12 மணிக்கு ஆபீஸில் ஒரு மீட்டிங் இருந்தது. 2 மணிக்குத் தள்ளி வைக்கச் சொல்லி இப்போதுதான் மெயில் அனுப்பினேன்.