குரூப்பில் இல்லாத பிள்ளைகள்

ஜூன் 2 பள்ளி திறந்தாயிற்று. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டது, "லீவு எப்படிப் போச்சு?" நானும் "நல்லா போச்சு" என்று சொல்லிவிட்டு நோட்ஸ் ஆஃப் லெசன் எழுத உட்கார்ந்துவிட்டேன். பொய் இல்லை, நல்லாத்தான் போச்சு. ஈஸ்டர் முடிந்த கையோடு பேப்பர் திருத்தும் வேலை, அது தீர்ந்ததும் முதலூரில் ஒரு கல்யாணம், எங்கள் ஊரில் கோயில் பண்டிகை, பழைய மாணவர்கள் வைத்த கெட்-டுகெதர், கடைசியில் தரங்கம்பாடி. ஒரு வருஷத்துக்குப் பார்க்க வேண்டிய முகங்களையெல்லாம் ஒரே மாதத்தில் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த கெட்-டுகெதர் மட்டும் மனசில் முள்ளாகக் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். முன்னாள் மாணவர் சந்திப்பு வைக்கிறவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அசனம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் பண்டிகையின் கடைசி நாளில் ஊர் மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது அசனம். எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் அங்கே கட்டிய பவுல் ஆலயத்தின் 192 அடி கோபுரம் எங்கள் தேரிக்காட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். எங்கள் கோயில் சின்னதுதான், அசனம் மட்டும் பெரிது. வீட்டுக்கு வீடு அம்மாமார் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை. என் அம்மா இன்றைக்கும் வைக்கிறாள். கைப்பிடி கைப்பிடியாக வந்த அரிசிக்கு ஆசாரி வீடு, வாத்தியார் வீடு, பனையேறி வீடு என்ற அடையாளம் எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே அண்டாவில் வெந்து, விரித்த ஓலைப்பாயில் மலையாகக் கொட்டப்படுகிறது. அந்த ஆவியும், வெந்த சோறு பட்ட பனையோலையின் வாசமும் சேர்ந்து வருமே, அதை வேறு எந்த விருந்திலும் நான் முகர்ந்ததில்லை.

பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் சோற்று வாளியோடு வந்து என் இலைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"டீச்சர், நல்லாருக்கியளா? என்னயத் தெரியுதா?"

தெரியவில்லை. நாற்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், நெஞ்சிலும் முன்கையிலும் மரம் உரசி உரசிக் காய்ப்புக் காய்த்த தோல். பெயரைச் சொன்னான். அப்புறமும் ஒரு நிமிஷம் ஆனது எனக்கு. 1998-ல் ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். கணக்கில் சுமார். கையெழுத்து அச்சு மாதிரி. கரும்பலகையில் தினமும் பைபிள் வசனம் எழுதும் வேலையை அவனிடம்தான் கொடுத்திருந்தேன்.

"இங்கயா இருக்க?"

"பொண்டாட்டி ஊரு டீச்சர். மரந்தான் ஏறுதேன். காலயில முடிச்சுட்டு வந்தேன். சாயந்தரம் திருப்பி ஏறணும்."

பண்டிகை நாளிலும் மரத்துக்கு லீவு கிடையாது. பதனீர் இறக்குகிறவர்களைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒரு வேளை பாளையைச் சீவாமல் விட்டால் அது அடைத்துக்கொள்ளும். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிக் கட்டாமல் விட்டால் இறங்குவது கள்ளு. காலையும் மாலையும் ஏறித்தான் ஆக வேண்டும்.

நான் சந்தோஷத்தில் கேட்டுவிட்டேன், "அப்போ இருபத்து நாலாம் தேதி வருவேல்ல?"

"எதுக்கு டீச்சர்?"

"உங்க செட் கெட்-டுகெதர்ப்பா. 2000-ல டென்த் எழுதின செட்டு. இருபத்தஞ்சு வருஷம்."

அவன் வாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "நான் டென்த் எழுதலல்லா டீச்சர்" என்றான். முகத்தில் வருத்தம்கூட இல்லை, விவரம் சொல்வது மாதிரிச் சொன்னான். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?"

அவன் பள்ளியை விட்டது பிப்ரவரி மாதம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதை வருகைப் பதிவேட்டில் எழுதினவள் நான். பனங்காட்டுப் பிள்ளைகள் படித்த எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு இது தெரிந்த கதை. மாசி பிறந்தால் குடும்பத்தோடு காட்டுக்குள் விடிலி, அதாவது ஓலைக் குடிசை, போட்டுத் தங்கப் போய்விடுவார்கள். அப்பா ஏற, அம்மா காய்ச்ச, பிள்ளை விறகு பொறுக்க. நல்ல கருப்பட்டி அப்படித்தான் நம் வீட்டுக்கு வருகிறது. வகுப்பில் சிவப்பு மையில் ஆப்சென்ட் வரிசை நீளும். முழுப் பரீட்சைக்கு வந்தால் வந்தான், வராவிட்டால் இரண்டு கடிதம் போடுவோம். அப்புறம் பெயருக்கு மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டை நான் போட்டேன். ஒரு தடவை அவன் வீடு வரைக்கும் போனேன், பூட்டியிருந்தது. விடிலி வரைக்கும் போயிருக்கலாம். போகவில்லை. அப்போது எனக்கு வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம், கையில் குழந்தை. காரணம் இருந்தது. ஆனாலும் போகவில்லை என்பதுதான் உண்மை.

இருபத்து நாலாம் தேதி கெட்-டுகெதருக்குப் போனேன். பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவு போட்டு வந்திருந்தார்கள். சுகமில்லாமல் இருக்கும் எங்கள் பழைய ஹெட்மாஸ்டரைக் கார் வைத்து அழைத்து வந்து, கையைப் பிடித்து மேடையேற்றி, அவர் ஜெபம் பண்ணி முடிக்கிற வரைக்கும் அத்தனை பேரும் நின்றார்கள். எனக்குச் சால்வை போட்ட பெண் இன்று நர்ஸ். என் காதில், "டீச்சர், நீங்க அன்னைக்குக் குடுத்த டிபன்பாக்ஸ் இன்னும் வீட்ல இருக்கு" என்றாள். அழுதுவிட்டேன். இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் குரூப் போட்டோவுக்கு நின்றபோது என் கண் தானாக எண்ணத் தொடங்கியது. வகுப்பாசிரியரின் பழக்கம், எந்தக் கூட்டத்தைக் கண்டாலும் தலை எண்ணுவோம். ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அறுபதுக்கு மேல் இருந்த வகுப்பு. மேடையில் இருபத்தேழு பேர். வராதவர்கள் யார் யார் என்று கேட்டேன். நடத்தின பிள்ளை நல்ல பையன், பொறுப்பானவன். சொன்னான், "குரூப்ல இருக்கிறவங்க நாற்பது பேர் டீச்சர். அதுல பதிமூணு பேருக்கு லீவு கிடைக்கல."

அப்படியென்றால் மீதி இருபது பேர்?

அவர்கள் வராதவர்கள் என்ற கணக்கில்கூட இல்லை. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வாங்கினவர்களை ஒருவர் சொல்லி ஒருவராகச் சேர்த்துக் குரூப் உருவாகியிருக்கிறது. எட்டில் நின்றவர்கள், ஒன்பதில் ஃபெயிலாகி அடுத்த செட்டோடு உட்காரக் கூச்சப்பட்டு நின்றவர்கள், வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள், பனங்காட்டுக்குப் போனவர்கள் யாருமே அதில் இல்லை. யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. நினைவே வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்று சொல்கிறேன். நம் மிஷன் பள்ளிகள் எதற்காக உண்டாயின? என் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போன முதலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பேர் போன ஊர். அல்வா வாங்க வருகிறவர்களுக்கு ஊர்ப்பெயரின் காரணம் தெரிவதில்லை. 1799-ல், கிறிஸ்தவ வேதத்துக்கு வந்ததற்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன எளிய ஜனங்களுக்காக, மிஷன் ஊழியர் டேவிட் சுந்தரானந்தம் முன்நின்று நிலம் வாங்கி அமைத்த திருநெல்வேலிப் பக்கத்தின் முதல் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ ஊர் அது. இருக்க இடமில்லை என்று தள்ளப்பட்டவர்களுக்கான இடம். 1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயரை ஒப்பிலக்கணம் எழுதின அறிஞராகத்தான் உலகம் அறியும். அவர் மனைவி எலைசா அம்மாள் பெண்பிள்ளைகளைக் கூட்டி போர்டிங் வைத்து, எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்ததை எங்கள் பாட்டிமார் வாயால் கேட்டிருக்கிறோம். யாரும் கூப்பிடாத பிள்ளைகளைக் கூப்பிடப் பிறந்த பள்ளிகள் இவை. அப்படிப்பட்ட பள்ளியின் பெயரை பேனரில் போட்டு ஒரு விருந்து நடக்கும்போது, பனையேறி வீட்டுப் பிள்ளை மட்டும் அழைப்பில் விடுபடுகிறான் என்றால், எங்கேயோ நாம் பாடத்தைத் தவறவிட்டிருக்கிறோம். ஆசிரியர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விருந்து பண்ணும்போது ஏழை எளியவர்களை அழைக்க வேண்டும் என்று லூக்கா 14-ல் இயேசு சொன்னதை ஞாயிறு பள்ளியில் நானே எத்தனை வருஷம் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்!

இந்த நினைப்போடுதான் மாதக் கடைசியில் தரங்கம்பாடிக்குப் போனோம். நான், என் வீட்டுக்காரர், மகள். மயிலாடுதுறை வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். கடற்கரையை ஒட்டி டேனிஷ் கோட்டை, ராஜவீதியில் 1718-ல் கட்டின புதிய எருசலேம் ஆலயம். உள்ளே ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் கல்லறை. 1706 ஜூலை 9 அன்று அவர் இந்தக் கரையில் இறங்கினார். மறுநாள் அவருக்கு இருபத்து நாலு வயது நிறைந்தது. 1719-ல் இறக்கும்போது வயது முப்பத்தாறு. பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது, பள்ளிகள் தொடங்கியது என்று அவர் செய்ததை மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கேட்டாள், "அவருக்குத் தமிழ் யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

ஒரு வயதான உள்ளூர் வாத்தியார்தான். தன் பிள்ளைகளோடு வந்து அவர் பாடம் நடத்த, சீகன்பால்கு அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, அவர்கள் எழுதுகிற மாதிரியே மணலில் விரலால் எழுதி எழுத்துப் படித்தார். கடல் தாண்டி வந்த குரு, அரிச்சுவடிப் பிள்ளைகளோடு ஒரே தரையில்! மகள் உடனே வாசலுக்குப் போய் மணலில் 'அ' எழுதிப் பார்த்தாள். கடல் காற்று இரண்டு தரம் அழித்துவிட்டது. மூன்றாம் தரம் ஆழமாக எழுதினாள்.

பள்ளி திறந்த அன்று மதியம் ஆபீசுக்குப் போய், ஹெட்மிஸ்ட்ரஸிடம் அனுமதி கேட்டு, சேர்க்கைப் பதிவேட்டை வாங்கினேன். வருகைப் பதிவேட்டைச் சில வருஷத்தில் கழித்துவிடுவார்கள். சேர்க்கைப் பதிவேட்டை ஒரு பள்ளி ஒருநாளும் கழிக்கக் கூடாது, அது நிரந்தரப் பதிவு. தடித்த காலிகோ அட்டை, ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. ஆனால் 1995 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அத்தனை பேரும் அங்கே வரிசையாக இருந்தார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி. பாஸ் ஆனவன், ஆகாதவன் என்ற பேதம் அந்தப் பக்கத்தில் இல்லை, எல்லோருக்கும் ஒரே நீல மை, ஒரே அளவுக் கட்டம். நீக்கின விவரம் வலது ஓரத்தில் தனியாகத்தான் வருகிறது. அறுபத்து மூன்று பெயர்களையும் கையால் எழுதிக்கொண்டேன்.

ஆகவே சந்திப்பு நடத்தும் பிள்ளைகளே, உங்களிடம் நான் கேட்பது இது. போன் நம்பர் உள்ளவர்களிலிருந்து தொடங்காதீர்கள். பள்ளிக்குப் போய் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெயரையும் ஊரையும் மட்டும் குறித்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தந்த ஊர்ச் சபை உபதேசியாரை, சர்ச் வேலை பார்க்கும் கோயில் பிள்ளையை, சத்துணவு அக்காவைக் கேட்டால் பாதிப் பேரை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். தலைக்கு இவ்வளவு என்று வசூல் வைக்கும்போது, கொடுக்க முடியாதவன் கூச்சப்படாதபடி வையுங்கள். மேடையில் "இப்போ என்ன பண்றே" என்று மைக்கைக் கொடுத்து வரிசையாகச் சொல்ல வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த மைக்குக்குப் பயந்தே வராமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

லிஸ்ட்டை நடத்தின பையனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் கூப்பிட்டான். "டீச்சர், இதுல ஒருத்தன் எனக்கு அஞ்சு வருஷம் பக்கத்துல உக்காந்தவன் டீச்சர்" என்றான், அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த சந்திப்பை எல்லோரையும் சேர்த்து வைக்கலாம் என்று அவனே சொன்னான். அடுத்த மே என்றான்.

அசனத்தில் வாங்கி வைத்திருந்த நம்பருக்கு ராத்திரி போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் அமைதி. மனைவியிடம் ஏதோ சொல்வது கேட்டது. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"வாறேன் டீச்சர். ஆனா மே மாசம் வேண்டாம்னு சொல்லுங்க. மரத்த விட்டுட்டு ஒரு நா முழுக்க வர முடியாது. ஆடி கழிஞ்சு ஒரு ஞாயித்துக்கெழம வச்சா, நம்ம ஊர்ல இருந்து நாலு பேரு சேந்து வந்துருவோம்."

ஆவணியில் ஒரு ஞாயிறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த செட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள். இன்னும் பதினேழு பேரைக் கண்டுபிடிக்க வேண்டும்.