சீட் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள்

பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் விமான மாடல் கிட்டுக்கே இவ்வளவு விலை, அதற்குமேல் பித்தளைத் தகடு, ரெசின் என்ற பிசினில் வார்த்த சீட் என்று தனியாக வாங்குவது தண்டச் செலவு இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தண்டம் இல்லை. ஆனால் எதற்குச் செலவு செய்கிறோம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பைலட் உட்காரும் காக்பிட்டுக்குச் செய்யுங்கள், அதிலும் முதலில் சீட்டுக்கு. விமானத்தின் உடம்பை ஒட்டியதும் உள்ளே மறைந்துபோகும் இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். 1963இல் நம் விமானப்படைக்கு வந்த விமானம். அன்று என் பெரியப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. தாம்பரத்தில் பயிற்சி முடித்து, வடக்கே பல வருடம் அந்த விமானத்தின் அடியில் படுத்து வேலை பார்த்த டெக்னீஷியன் அவர். அவருக்காகவே 48இல் ஒரு பங்கு அளவில் மிக்-21 ஒன்றைக் கட்டத் தொடங்கினேன். காக்பிட் பாகங்களை மட்டும் ஒட்டி, குரோம்பேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பெல்ட் எங்கடா? பெல்ட் போடாம பைலட்ட எப்படி அனுப்புவோம்?"

கிட்டோடு வந்த சீட்டில் பெல்ட் என்பது லேசான ஒரு மேடுதான். அது கம்பெனியின் தப்பு இல்லை. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கை ஓரளவுக்குமேல் மெல்லிசாக எடுக்க முடியாது. அரை மில்லிமீட்டர் தடிமன் வைத்தாலே நிஜ அளவில் அது 24 மில்லிமீட்டர். துணிப் பட்டை ஒரு அங்குலத் தடியில் எங்கே இருக்கிறது? போட்டோ எட்ச் என்ற முறையில் செய்த பித்தளைத் தகடு இங்கேதான் உதவுகிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஃபெரிக் குளோரைடு வாங்கி சர்க்யூட் போர்டு செய்து பார்த்தவர்களுக்கு இந்த முறை தெரியும். வேண்டிய வடிவத்தை மறைத்துவிட்டு, மீதி உலோகத்தை ரசாயனத்தில் அரிக்க விடுவார்கள். பக்கிளில் உள்ள ஓட்டைகூட அப்படியே வந்துவிடும்.

பெல்ட்டை நேராக ஒட்டிவிடாதீர்கள். இடுக்கியில் பிடித்து, அடுப்பைச் சிறிதாக வைத்து ஒரு நொடி காட்டுங்கள். பித்தளை நிறம் மாறும், விறைப்பு போய்விடும். அப்புறம் சீட்டின் மேல் வைத்து பல் குத்தும் குச்சியால் மெதுவாக அழுத்தினால், பைலட் இப்போதுதான் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கியதுபோலத் துவண்டு கிடக்கும். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், மே மாதமானாலும். இந்த வேலைக்கு நல்ல இடுக்கி பாரிமுனைப் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

பெல்ட்டை ஒட்டும் சூப்பர் க்ளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. நம் ஊர்க் காற்றில் திறந்த பாட்டில் சீக்கிரமே கெட்டியாகிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே திறக்காமல், குளிர் விட்ட பிறகு திறங்கள்.

ரெசினில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. கிட் விலையில் முக்கால்வாசி கொடுத்து வாங்கிய ஒரு காக்பிட் செட், உடம்புக்குள் நுழையவே இல்லை. பிளாஸ்டிக்கை உள்பக்கமாகச் சீவிச் சீவி இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதனால் இப்போதெல்லாம் சீட்டை மட்டும் ரெசினில் வாங்குகிறேன். மீட்டர்கள் இருக்கும் பேனலுக்கு, மேலே புடைத்த 3டி டீகால் என்ற ஒட்டுப்படம் போதும். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், இதில் விளையாட வேண்டாம்.

பேனல் என்றதும் பெரியப்பா சொன்னது நினைவுக்கு வருகிறது. மிக்-21இன் பச்சைநீலப் பேனலின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அது அலங்காரம் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விமானம் சுழலில் மாட்டி, எந்தப் பக்கம் எது என்றே தெரியாதபோது, பைலட் தன் கையிலுள்ள கட்டுப்பாட்டு ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். உயிர் பிழைக்க வைத்த அடையாளம் அது. அன்றிரவே கோட்டை மெல்லிய தூரிகையால் மறுபடி சரியாக வரைந்தேன்.

மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்கும் பிட்டோ குழாயையும் பித்தளையில் மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் குழாய் தூசு துடைக்கும் துணியில் மாட்டி உடைந்துவிடும். கனோபி என்ற காக்பிட் கண்ணாடி மூடிக்குப் பெயின்ட் படாமல் ஒட்ட வெட்டி வரும் மாஸ்க்கும் கொடுத்த காசுக்குத் தகும். சக்கரம், குண்டு எல்லாம் அவரவர் விருப்பம்.

விமானம் இப்போது பெரியப்பா வீட்டு ஷோகேஸில், கனோபி திறந்தபடி நிற்கிறது. என்னிடம் அதே பெல்ட் தகட்டில் இன்னும் ஒரு செட் மிச்சம் இருக்கிறது. சென்னையில் 48 அளவில் மிக்-21 கட்டுபவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.