மவுஸைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஒரு டீச்சர் மவுஸோடு திணறுவதையும் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பதையும் காட்டும் அந்த முப்பது விநாடி வீடியோவைத்தான் சொல்கிறேன். இந்நேரம் உங்கள் குழுவிலும் வந்திருக்கும். பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீடியோவில் இல்லாததைச் சொல்கிறேன். நான் அங்கே மூன்றாவது வரிசையில் இருந்தேன். டீச்சர் மவுஸை மேசை விளிம்புவரை நகர்த்திவிட்டார். அம்புக்குறி பாதித் திரையில் நிற்கிறது. மேற்கொண்டு நகர்த்த இடமில்லை. "தூக்கி நடுவுல வைங்க டீச்சர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் "விடுங்க மேடம்" என்று மவுஸை வாங்கி நாலே கிளிக்கில் முடித்தார். சிரிப்பு அப்போதுதான் கிளம்பியது.

ஆசிரியருக்கு ஆசிரியர்தான் சொல்லித்தர வேண்டும். நான் கருத்தாளர், அதாவது மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர், என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி கொடுக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். எவ்வளவு நேரமானாலும் மவுஸ் அவர்கள் கையில்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ' போடத் திணறினால் பென்சிலைப் பிடுங்கி நாமே எழுதிவிடுவோமா?

2018-ல் ஆறாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது, கைப்பேசியில் காட்டினால் பாட வீடியோ திறக்கும் கியூஆர் கோடுகளோடு. "இந்தக் கட்டம் எதுக்கு டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். பயிற்சியில் காட்டியபடியே செய்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் பள்ளியில் சிக்னல் புளியமரத்தடியில்தான் கிடைக்கும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் சொன்னார்: "ராத்திரியே வீட்ல டவுன்லோடு பண்ணிக்கோ. ஒரு ஸ்பீக்கரையும் கையோட எடுத்துட்டுப் போ. கரண்ட் போனா பாடத்தை நிறுத்தாதே, படத்தை போர்டுல வரைஞ்சிடு." எனக்குக் கொடுத்த கையேட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அந்த டீச்சர்தான் இந்த வீடியோவில் இருப்பவர். கைப்பேசியில் எல்லாம் செய்வார். மவுஸ் பிடித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

கணினி தெரிந்தவர்தானே கணினி சொல்லித்தர வேண்டும் என்பீர்கள். கேரளத்தில் 2001-ல் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுவரும் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. அதில் பள்ளி ஆசிரியர்களையே மாஸ்டர் ட்ரெய்னர்களாக்கி மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2017-ல் அது கைட் என்ற அரசு நிறுவனமான பிறகும் அப்படித்தான் நடக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போனால் வகுப்பை யார் பார்ப்பது? ஈராசிரியர் பள்ளியில் இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியாள் நடத்தினாலும் அதே ஒரு நாள் போகத்தானே செய்கிறது.

"வயசானவங்களுக்குக் கத்துக்க ஆர்வமில்லை" என்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். 2020-ல் பள்ளி பூட்டிக் கிடந்தபோது, யார் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்று தெருத்தெருவாகப் போய்க் குறித்துவந்தவர் அந்த டீச்சர். தினம் ஒரு குறளை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினார். பேத்தி பக்கத்தில் அழும் சத்தமும் சேர்ந்தே வரும். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. பள்ளி விவரங்களை ஏற்றும் அரசின் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு, அந்த விவரம், இந்த விவரம் என்று ராத்திரி பத்து மணிக்கும் ஏற்றிக்கொண்டிருக்கிறோமே, அப்போது மட்டும் எங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியுமா? எங்களிடமிருந்து கணக்கு வாங்க ஆண்டு முழுக்க ஆப் இருக்கிறது. எங்களுக்குச் சொல்லித்தர ஒரே ஒரு நாள், அதிலும் சிரிப்பு. முப்பது வருடம் கால் வலிக்க நின்று பாடம் நடத்தியவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை இதுதானா?

அந்த வீடியோவை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். பகிர்ந்த குழுவிலும் நீக்கச் சொல்லுங்கள்.

நேற்று இரவு டீச்சரிடம் பேசினேன். அரையாண்டு விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டாயா என்று கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை.